மச்சாளுக்கு ஒரு வாங்கு

2024 பெப்ரவரி 17, சனிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். குசினி யன்னலைத் திறந்தபோது காற்று மெல்லியதாக வந்தது. மழைக்காலம் போய்விட்டது; முதல்நாள் கொடியில் மறந்துவிட்ட துவாய் விடியுமுன்னரே காய்ந்திருந்தது. 5.10க்குத் தேநீர், மூன்று கோப்பை, ஒன்றுக்குச் சீனி இல்லை. 5.30க்கு முற்றம் கூட்டினேன். 6.05க்கு மீன்காரர் வந்தார். அரைக் கிலோ சூடை. 6.40க்கு என் கணவர் துறைமுகத்துப் பட்டறைக்குப் புறப்பட்டார். சனிக்கிழமைகளில் அவருக்கு அரைநாள் வேலை. 7.00 மணியிலிருந்து 7.20 வரை நானும் மச்சாளும் கதிரையில் இருந்தபடி தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கி இறக்கினோம். பத்துப் பத்தாக மூன்று தடவை. மச்சாள் ஏழுக்குப் பிறகு நேரே ஒன்பதுக்குப் போய்விடுவார். நான் எட்டை எடுத்துக்கொடுப்பேன். 7.45க்கு இடியப்பமும் சொதியும். 8.30க்கு இரண்டு பேரும் கிண்ணியா பஸ்ஸுக்காக வீதிக்கு வந்தோம்.

ஒரு வாங்கு எடுக்கப் போனோம். பாடசாலை வாங்கு அல்ல. படுத்துக்கொண்டு பாரம் தூக்குகிற, உடற்பயிற்சிக் கூடங்களில் இருக்கிற நீட்டு இருக்கை.

மச்சாள் என் கணவரின் அக்கா. வயது ஐம்பத்தெட்டு. பாலர் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய வீடு பாலையூற்றில் எங்கள் வளவுக்குள்ளேயே, எங்கள் பின்கதவிலிருந்து என் நடையில் இருபத்திரண்டு அடி தள்ளி இருக்கிறது. இரண்டு அறை, ஒரு குசினி, முன்னால் ஒரு செவ்வரத்தைச் செடி. கடந்த நவம்பரில் ஒரு மழைநாள், ஈரக் காலோடு நடுவறைக்குள் வந்தவர் வழுக்கி விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் எழும்ப முடியவில்லை. கையை ஊன்றினால் கை நடுங்கியது, காலை மடித்தால் கால் சறுக்கியது. நாங்கள் இருவரும் வேலையில். நான் வந்து கூப்பிடும்வரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் மல்லாக்காகக் கிடந்தார்.

"கூரையில எத்தினை ஓடெண்டு எண்ணிக்கொண்டு கிடந்தனான். நீங்கள் வந்து குழப்பிப்போட்டீங்கள்" என்றார் என்னைக் கண்டதும். சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் அன்றிரவு எங்கள் வீட்டுக்குப் படுக்க வந்தவர் திரும்பிப் போகவில்லை. பகலில் போய்க் கூட்டுவார், விளக்கு வைப்பார், பூட்டிக்கொண்டு வருவார். "விழுந்தா நானா எழும்ப ஏலுமெண்டு எனக்குத் தெரியவேணும். அண்டைக்குத்தான் என்ர வீட்டில படுப்பன்" என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பின்கதவால் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டு அவர் நிற்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தருகிற பெண் விடயத்தை எளிமையாகச் சொன்னார். நிலத்திலிருந்து எழும்புவதென்பது கையாலும் நெஞ்சாலும் உடம்பைத் தள்ளுவது. தள்ளுகிற தசைக்குப் பலம் வேண்டும். பலத்துக்குப் பாரம் தூக்க வேண்டும். முதலில் கதிரையில் இருந்து தூக்குங்கள், பிறகு மல்லாக்காகப் படுத்துத் தூக்குங்கள் என்றார். கதிரைப் பயிற்சி எட்டு வாரம் நன்றாகவே போனது. படுக்கிற கட்டம் வந்ததும் சிக்கல். நிலத்தில் படுக்க மச்சாள் மறுத்தார். படுத்தால் அந்த நவம்பர் மாலை திரும்ப வந்துவிடுகிறது. கட்டில் மெத்தை அமிழ்ந்து முதுகை வளைத்தது. ஆகவே வாங்கு.

"ஒருக்காப் படுத்துப் பாப்பன். பயமா இருந்தா எழும்பிடுவன். பிறகு ஒருத்தரும் என்னைக் கேக்கப்படாது. கதிரைப் பயிற்சியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்" என்றார்.

அவர் சொன்னால் சொன்னதுதான். முன்னொரு காலத்தில் மூதூர்ப் படகில் ஒரு தரம் தலைசுற்றியதற்காக, இன்றுவரை மூதூருக்குத் தரைவழியே சுற்றிப் போகிறவர். எனவே எனக்கு ஒரே ஒரு வாய்ப்புத்தான் இருந்தது. வாங்கு சரிவராவிட்டால் மச்சாளின் வீடு பூட்டியே கிடக்கும்.

நான் ஒரு பொறியியல் அலுவலகத்தில் படவரைஞர். மதகு, வடிகான், வீதியோரச் சுவர் என்று கீறுவது வேலை. எதையும் அளக்காமல் முடிவெடுத்துப் பழக்கமில்லை. வாங்கு எடுப்பதென்று தீர்மானித்த அன்றே, பெப்ரவரி 4, ஞாயிறு, நாட்குறிப்பின் பின்பக்கத்தில் ஒரு தாளை ஒதுக்கினேன். கதவின் அகலம் 81 சென்ரிமீற்றர். விறாந்தையை அடுத்த அறையில் சுவரோரம் வெறும் இடம் 210க்கு 150. பிறகு மச்சாளை அளக்கப் போனேன். அவர் உடுப்புக் காயப்போட்டுவிட்டு முற்றத்துக் கதிரையில் இளைப்பாறிக்கொண்டிருந்தார். முழங்கால் மடிப்பின் பின்பக்கத்திலிருந்து நிலம்வரை நாடாவைப் பிடித்தேன். 41. தோளுக்குத் தோள் 37.

"என்ன மச்சாள், எனக்குச் சட்டை தைக்கவோ, பெட்டி அடிக்கவோ?"

"வாங்கில படுத்தா ரெண்டு பாதமும் நிலத்தில முழுசாப் பதியவேணும். அப்பதான் பயமிருக்காது. அதுக்குத்தான்."

என் கணவர் கிணற்றடியிலிருந்து சத்தம் போட்டார். "அக்கா, அசையாமல் இருங்கோ. இனி உங்களைப் படமாக் கீறி மேலிடத்துக்கு ஒப்புதலுக்கு அனுப்புவா."

அடுத்த பதின்மூன்று நாட்களில் தெரிந்துகொண்டவை பல. மெத்தை ஒடுக்கமானால் விழுந்துவிடுவோமோ என்ற எண்ணம் வரும். மிக அகலமானால் கையை இறக்கும்போது தட்டும். 28 அளவில் இருந்தால் நல்லது. முதுகுப் பலகையைச் சாய்த்து நிமிர்த்துகிற வாங்கில் இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு நீக்கல் விழும், அது இடுப்பில் உறுத்தும். மடிக்கிற வாங்கு இடத்தை மிச்சம் பிடிக்கும், ஆனால் மூட்டுகள் கூடக்கூட ஆட்டமும் கூடும். தாங்குகிற பாரம் என்று எழுதியிருப்பதில் படுப்பவரின் நிறையும் சேர்த்தி. எங்கள் பக்கத்துக்கென்று இன்னொன்று உண்டு, அதை எந்த விளம்பரமும் சொல்லாது: உப்புக் காற்று. ஒரு மாதத்தில் முதலில் சிவப்பது ஆணித் தலை, பிறகு காய்ச்சி ஒட்டிய மூட்டு. விளம்பரப் படங்களில் படுத்திருந்தவர்கள் எல்லோரும் கதவளவு நெஞ்சுள்ள இளைஞர்கள். அவர்களுடைய கால் நீளம் எங்களுக்கு உதவாது. நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

கிண்ணியாக் கடை பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்தது. பந்து, மட்டை, சைக்கிள், எடைக் குண்டுகள். முதலாளிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி, மெதுவான பேச்சு. அவரும் வேலைக்காரர் இருவரும் மூன்று வாங்குகளை இழுத்து நடுவே போட்டார்கள். நான் உருக்கு நாடாவையும் நீர்மட்டத்தையும் பையிலிருந்து எடுத்தேன்.

"டீச்சர் வீடு கட்டப் போறீங்களா?" என்றார் முதலாளி.

"டீச்சர் நானாக்கும். இவ அளக்கிறவ" என்றார் மச்சாள்.

முதலாவது மடிக்கிற வாங்கு. ஒரு மூலையில் கையை ஊன்றினேன், எதிர் மூலை தரையை விட்டெழும்பியது. இரண்டாவது சாய்த்து நிமிர்த்துவது, அழகானது, உயரம் 48. கட்டிலை விட உயரம் என்று மச்சாள் தூரத்திலேயே சொல்லிவிட்டார். மூன்றாவது வெறும் தட்டை வாங்கு. நான்கு தடித்த கால்கள், மடிப்பில்லை, சாய்வில்லை, உயரம் 43, அகலம் 28. ஒரு காலில் விரல்நுனியளவு வர்ணம் போயிருந்தது. குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன். ஆணிகள் சிவக்காமல் இருந்தன. நீர்மட்டத்தை மெத்தையில் வைத்தேன். குமிழி நடுவில் நின்றது. மெத்தை எவ்வளவு அமிழும் என்று மட்டும் தெரியவில்லை. அதற்கு ஆள் படுக்க வேண்டும்.

மச்சாள் என் காதருகே வந்தார். "இத்தினை ஆம்பிளையள் பாத்துக்கொண்டு நிக்க நான் நடுக்கடையில நீட்டி நிமிர்ந்து படுக்கிறதோ? வாங்கோ, போவம்."

நியாயமான கேள்வி. அளவுகளை மட்டும் வைத்து எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். முதலாளி எங்கள் முகத்தைப் பார்த்தார், பிறகு வேலைக்காரர் இருவரையும் பார்த்தார். "போய் டீ குடிச்சிட்டு வாங்க. அவசரமில்ல" என்று அவர்களை அனுப்பினார். மேலே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். தானும் வெளியே போய், இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டு, வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். யாரோ வந்து எட்டிப் பார்த்திருக்க வேண்டும். "உள்ளுக்குப் பொம்புளையள் சாமான் பாக்காங்க. கொஞ்சம் பொறுங்க" என்ற குரல் கேட்டது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். மூன்று வாங்குகளையும் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"யாரு படுக்கப் போறது?"

நான் மச்சாளைக் காட்டினேன். மச்சாள் என்னைக் காட்டினார்.

"அல்லாவே! பயமா? ஆறு வருஷமா இந்தச் சாமானுகளுக்கு மேல மாடியில இரிக்கன். ஒரு நாளும் ஏறிப் பாக்கல்ல. இரிங்க, முதல்ல நான் படுக்கன்." சொல்லி முடிக்குமுன் தட்டை வாங்கில் மல்லாக்காகப் படுத்து, முக்காட்டைச் சரிசெய்து, இரண்டு கைகளையும் மேலே நீட்டினார். "ஆ, நல்லாத்தான் இரிக்கி! சும்மா குளுகுளுண்டு. இஞ்ச இந்த ஃபேனை ஒரு நாளும் துடைக்கல்லப் போல. எவ்வளவு தூசி!"

"என்ன சத்தம் அங்க?" என்று வாசலிலிருந்து முதலாளி கேட்டார், திரும்பாமல்.

"நீங்க பேசாம இரிங்க. நான் வாங்குப் பாக்கன்."

மச்சாள் சிரித்த சிரிப்பில் கைப்பை தோளிலிருந்து நழுவியது. அந்தப் பெண் எழும்பிய உடனே மச்சாள் போய் விளிம்பில் அமர்ந்தார். பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றப் போனவரை முதலாளியின் மனைவி தடுத்தார். "கழட்டாதீங்க அக்கா, பெட்டி உடைச்ச கம்பி ஊசியெல்லாம் கீழ கிடக்கு." சரி என்று மச்சாள் செருப்போடேயே மெல்லச் சாய்ந்து படுத்தார். நான் ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் நாடாவைப் பிடித்தேன். மெத்தை இரண்டு சென்ரிமீற்றர் அமிழ்ந்தது. 43இல் 2 போனால் 41. முற்றத்தில் எடுத்த அதே அளவு. பாதங்கள் இரண்டும் நிலத்தில் தட்டையாகப் பதிந்திருந்தன.

"எப்பிடி?"

மச்சாள் கூரையைப் பார்த்தபடி கொஞ்சம் யோசித்தார். "ஓம். இதில பயமில்லை."

இரண்டு எண்களும் ஒத்துப்போன மகிழ்ச்சியில் நான் அந்த 41ஐ இரண்டு கோடிட்டு எழுதினேன். அதே வாங்கைப் பிரிக்காத பெட்டியில் எடுத்தோம். எடைக் குண்டுகள் ஒரு கிலோவில் ஒரு சோடியும் இரண்டு கிலோவில் ஒரு சோடியும் எடுத்தோம். முதலாளியின் மனைவி வாசல்வரை வந்து, "மறுகாப் பலம் வந்தா வந்து சொல்லுங்க அக்கா, நானும் தூக்கப் போறன்" என்றார். முதலாளி தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கேளாதவர்போல் இருந்தார்.

பத்தொன்பது கிலோப் பெட்டியோடு பஸ்ஸில் போக முடியாது. ஓட்டோ பிடித்தோம். பெட்டி குறுக்கே கிடந்ததால் கால் வைக்க இடமில்லாமல் அதன் மேலேயே காலை நீட்டிக்கொண்டு, இரண்டு மகாராணிகள் போல வீடு வந்து சேர்ந்தோம். நேரம் 12.20.

சூடைமீன் குழம்பு முடிந்து 1.45க்கு வாங்கைப் பொருத்திப் பூட்டத் தொடங்கினோம். என் கணவர் வேலையால் வந்திருந்தார். எட்டு ஆணி, எட்டுத் திருகு, முறுக்க ஒரு சாவி. அவர் இயந்திரங்களோடு பழகியவர். வழிகாட்டித் தாளைப் பார்ப்பது அவமானம் என்று நினைப்பவர். நான் தாளை வாசிக்க, அவர் அதற்கு முன்னரே அதைச் செய்து முடிக்க, 2.25க்கு வாங்கு நின்றது. நீர்மட்டம் வைத்தேன். குமிழி நடுவில்.

மச்சாள் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எல்லோரும் வழமைபோல் வெறுங்காலோடு. உள்ளே செருப்புப் போடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை. அந்த அறையில் சாமித் தட்டும் இருக்கிறது. மச்சாள் விளிம்பில் அமர்ந்தார், சாய்ந்தார், படுத்தார். நான் ஒரு கிலோக் குண்டுகளை எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன்.

"மச்சாள், கால் நிலத்தில படேல்லை."

பார்த்தேன். குதிக்கால்கள் இரண்டும் அந்தரத்தில். விரல் நுனிகள் மட்டும் நிலத்தைத் தேடிக்கொண்டிருந்தன. அவருடைய கைகள் மெத்தையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தன. தோளைப் பிடித்து எழுப்பினேன். அவர் விறாந்தைக்குப் போய்க் கதிரையில் அமர்ந்தார்.

நாடாவை எடுத்து வாங்கின் உயரத்தைத் திரும்ப அளந்தேன். 43. அதில் பிழையில்லை. மச்சாளிடம் போய், கதிரையில் இருந்தபடியே முழங்கால் மடிப்பிலிருந்து நிலம்வரை அளந்தேன். 38. மூன்று சென்ரிமீற்றரைக் காணவில்லை. வாசற்படியில் கழற்றி வைத்திருந்த அவருடைய செருப்பைப் பார்த்தேன். குதிக்கால் வலிக்கென்று ஆஸ்பத்திரியில் சொல்லி எடுத்த தடித்த றப்பர்ச் செருப்பு. அடிப்பாகத்தை அளந்தேன். சரியாக மூன்று.

முற்றத்தில் அளந்தபோதும் அது காலில் இருந்தது, கடையில் படுத்தபோதும் காலில் இருந்தது. அதனால்தான் இரண்டு 41களும் அவ்வளவு அழகாக ஒத்துப்போயிருக்கின்றன. அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதே இதுதான்: அளவு எங்கே தொடங்குகிறது என்பதை எழுதாவிட்டால் அந்த அளவைக் கிழித்துப் போடு. பதின்மூன்று நாள் எழுதிய தாளில் "நிலம்வரை" என்று எழுதியிருந்தேன். எந்த நிலம் என்று எழுதவில்லை.

"இஞ்சேருங்கோ, திருப்பிக் குடுக்கலாமோ?" என்று கணவரைக் கேட்டேன்.

"பூட்டின சாமானைத் திருப்பி எடுப்பாங்களோ? விடு, திங்கக்கிழமை பட்டறைக்குக் கொண்டுபோய் நாலு காலிலயும் மூண்டு மூண்டு வெட்டிக்கொண்டு வாறன்."

"வெட்டின இடத்தில முதல் துருப் பிடிக்கும்."

அவர் சிறிது யோசித்து, உள்ளே போய், அலுமாரியின் அடியிலிருந்து இரண்டு பழைய தொலைபேசிப் புத்தகங்களைக் கொண்டுவந்து வாங்கின் இரண்டு பக்கமும் போட்டார். "மூண்டு சென்ரிமீற்றர். அளந்து பார்."

மச்சாள் விறாந்தையிலிருந்து எழும்பி வந்துவிட்டார். "டேய்! புத்தகத்தில காலை வைக்கச் சொல்லுறியோ? நான் முப்பது வருஷம் பிள்ளையளுக்கு என்னத்தைச் சொல்லிக்குடுத்தனான்?"

"அக்கா, அது ஆக்களின்ர நம்பர்தானே. படிக்கிற புத்தகமே அது?"

"எழுத்து எழுத்துத்தான்." குனிந்து இரண்டையும் தூக்கி, தொட்டுக் கண்ணில் ஒற்றி, திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டு வந்தார். கோபத்தில் தான் எவ்வளவு வேகமாகக் குனிந்து நிமிர்ந்தார் என்பதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் இன்னும் பயம் இருந்தது, ஆனால் வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்திருந்தது. "உண்மையைச் சொல்லுங்கோ மச்சாள். பிழை என்ர காலிலயோ, உங்கட அளவிலயோ?"

"என்ர அளவில. செருப்போட அளந்துபோட்டன்."

"நீங்களோ?"

"ஓம், நான்தான்."

மச்சாள் தம்பியைப் பார்த்தார். தம்பி மச்சாளைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்கத் தொடங்கினார்கள். என் கணவர் வாங்கின் மேலேயே இருந்துவிட்டார். "கல்யாணம் கட்டி இருபத்தாறு வருஷம். இப்பதான் முதல் தரம்!" என்றார் மூச்சு வாங்க. மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கொப்பியை எடுங்கோ. எனக்கு முன்னால எழுதுங்கோ. பேனையால!" என்றார். எழுதினேன்: அளவுப் பிழை, மூன்று சென்ரிமீற்றர், காரணம் செருப்பு, பொறுப்பு நான். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்து, பாலர் பாடசாலைப் பழக்கத்தில் ஓரத்தில் ஒரு சரி போட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கம்தான், ஆனால் அப்படிப்பட்ட ஒரு பிற்பகலை நான் வேறெந்தப் பக்கத்திலும் எழுதியதில்லை.

சிரித்து ஓய்ந்தபின் மச்சாளே சொன்னார். "நிலத்தை மூண்டு உயர்த்தினாச் சரிதானே. பலகை போடுங்கோவன்."

கொட்டிலுக்குள் கதவு நிலை செய்து மிஞ்சிய தேக்குத் துண்டு ஒன்று கிடந்தது. தடிப்பு மூன்றே கால். கால் சென்ரிமீற்றரைச் சீவித் தள்ளும்படி கணவரிடம் சொன்னேன். அவர் மச்சாளைப் பார்த்தார். "விடுங்கோ, என்ர கால் கால்சென்ரிமீற்றருக்குக் கோவிக்காது" என்றார் மச்சாள். பலகையை முப்பதுக்கு இருபத்தைந்தாக இரண்டாகக் கீறிக் கொடுத்தேன். கணவர் அறுத்தார். மச்சாள் அரத்தாளால் விளிம்புகளைத் தேய்த்தார். தரையில் வழுக்காதிருக்க, பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி அடிப்பக்கத்தில் ஒட்டினோம். பசை காய ஒரு மணித்தியாலம். அதற்குள் தேநீர், பயத்தம் உருண்டை. 5.05க்குப் பலகைகளை வாங்கின் இரு பக்கமும் வைத்தேன்.

இந்தத் தடவை அவரை நான் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டாம் என்று அவர் கண்ணால் சொன்னார். விளிம்பில் அமர்ந்து, ஒரு பாதத்தைப் பலகையில் வைத்து அழுத்திப் பார்த்தார். மற்றப் பாதம். சாய்ந்தார். படுத்தார். பலகைகள் அசையவில்லை. குதிக்கால் இரண்டும் மரத்தில் முழுதாகப் பதிந்திருந்தன. விளிம்பைப் பிடித்திருந்த கைகள், முதலில் இடது, பிறகு வலது, மெல்ல விட்டன.

"தாங்கோ."

ஒரு கிலோக் குண்டுகளைக் கொடுத்தேன். அவர் மேலே தள்ளினார். முழங்கை நேரானது. இறக்கினார். ஒன்று. என் கணவர் கதவடியில் நின்று விரல் மடித்து எண்ணினார். இரண்டு, மூன்று. ஐந்தாவதில் கை கொஞ்சம் நடுங்கியது, ஆனால் அது வேறு நடுக்கம்; களைத்த கையின் நடுக்கம். ஆறு, ஏழு.

"ஒன்பது" என்றார் மச்சாள்.

"எட்டு" என்றோம் நானும் கணவரும்.

எட்டையும் ஒன்பதையும் பத்தையும் முடித்து, குண்டுகளை என்னிடம் தந்துவிட்டு, பயிற்சிப் பெண் சொன்னபடி பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு கையை ஊன்றித் தள்ளி, தானாகவே எழும்பி அமர்ந்தார். தலைமயிர் கலைந்திருந்தது. எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஊண்டின கை நடுங்கேல்லை" என்றார். "கண்டனீங்களோ? நடுங்கேல்லை."

கண்டோம் என்றோம்.

பிறகு இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டுக் குழைத்துக்கொண்டிருந்தபோது, யோசித்து வைத்திருந்ததைப்போல அவர் சொன்னார்: "மச்சாள், அந்த வாங்கை இஞ்ச வைக்க வேண்டாம். என்ர நடுவறையில வைப்பம்."

நான் மாக் கையோடு திரும்பினேன். அவர் விழுந்த அறை அதுதான்.

"ஏன், இஞ்ச இடம் காணாதோ?" என்றேன்.

"இடம் காணும். காலம வெள்ளென உங்கட மனுசன்ர குறட்டைச் சத்தத்தில எண்ண ஏலாது. ஏற்கெனவே எனக்கு எட்டு வராது."

விறாந்தையிலிருந்து என் கணவர், "நான் குறட்டை விடுறதில்லை" என்றார்.

"அங்க வைச்சா," என்றார் மச்சாள், புட்டுக் குழலுக்குள் தேங்காய்ப்பூவைப் போட்டுக்கொண்டு, "நாளாந்தம் அந்த அறைக்குள்ள நான் படுத்து எழும்பினதா இருக்குமெல்லே. எத்தினை நாளைக்கு வேணுமெண்டு பாப்பம். ராத்திரிப் படுக்கையை அதுக்குப் பிறகு யோசிப்பம்."

அடுத்த நாள் 18ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. 4.50க்கு எழுந்தேன். குசினி யன்னலைத் திறக்கவில்லை, அடுப்பு மூட்டவில்லை. மச்சாள் தன் வீட்டுத் திறப்போடு பின்கதவில் நின்றார். கணவரைக் கூப்பிடவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். வாங்கின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் தூக்கினோம். முற்றத்தின் நடுவில் ஒரு தரம் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். இறக்கச் சொன்னது நான். நடுவறையின் மின்விளக்கைப் போட்டு, வாங்கைக் கிழக்குச் சுவருக்கு நேராக வைத்து, பலகைகளை இரண்டாம் நடையில் கொண்டுவந்து போட்டோம். அப்போது நேரம் 5.07. தேநீர் அன்று இருபது நிமிடம் பிந்தியது.